எது பெரிது? எதிலே பெரிது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை விழாவொன்றில் வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால், அவர் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். இன்று அப்படி இல்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போன நாங்கள், சாதாரண தரத்தோடு கணிதப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள். மூடிய புத்தகம் பல ஆண்டுகளுக்குப் பிறகு வைத்தியசாலையிலே எங்களைத் தேடி வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். கதையின் முடிவில் எமது சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் உண்டு.

எங்கள் வகுப்புக்குத் தேர்ச்சி அறிக்கை கொடுத்த மறுநாள் அது. யார் எத்தனையாம் பிள்ளை என்ற பேச்சே வகுப்பறை முழுவதும். கணித ரீச்சர் உள்ளே வந்தார். ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் 12 இன் காரணிகளை எழுதினார். 1, 2, 3, 4, 6, 12. பிறகு கேட்டார்: "நாலும் ஆறும், எது பெரிசு?" நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆறு" என்றோம். "அளவிலை ஆறு பெரிசு. ஒண்டு மற்றதை மீதியில்லாமல் பிரிக்குதோ எண்டு பாத்தால்?" வகுப்பு அமைதியானது. 4 ஆனது 6 ஐப் பிரிக்காது. 6 உம் 4 ஐப் பிரிக்காது. அப்போது அவர் சொன்னது எங்களுக்கு இன்றும் மனப்பாடம்: "பிள்ளையள், எது பெரிசு எண்டு கேக்க முதல், எதிலை பெரிசு எண்டு கேளுங்கோ."

அவர் வரைந்த படம் இப்படி இருந்தது. அடியில் 1. அதற்கு மேலே 2 உம் 3 உம். 2 இற்கு மேலே 4 உம் 6 உம். 3 இற்கு மேலே 6 மட்டும். உச்சியில் 12. கீழே உள்ளது மேலே உள்ளதைப் பிரித்தால் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. காலைக் கூட்டத்தில் நாங்கள் உயரப்படி நின்ற வரிசையைப் போன்றதல்ல இது. அந்த வரிசையில் எந்த இருவரை எடுத்தாலும் ஒருவர் முன், ஒருவர் பின். இந்தப் படத்திலோ சில சோடிகளை ஒப்பிடலாம், சில சோடிகளை ஒப்பிடவே முடியாது. கணிதவியலாளர் இதைப் பகுதி வரிசைத் தொடை என்கிறார்கள். அடியிலிருந்து மேல்நோக்கி, ஒப்பிடக்கூடியவற்றை மட்டும் கோத்துக்கொண்டு போனால் வருவது சங்கிலி. 1, 2, 4, 12 ஒரு சங்கிலி. 1, 3, 6, 12 இன்னொன்று. இடையில் உள்ளவற்றைத் தாண்டி 1, 6, 12 என்று போனாலும் அதுவும் சங்கிலிதான்.

ஒவ்வொரு படியும் ஏறிப் போகும் முழுச் சங்கிலிகள் எத்தனை? எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. 1 இன் அருகில் 1 என்று எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு நேர்கீழே உள்ளவற்றின் எண்களைக் கூட்டி எழுதுங்கள். 2 இல் 1, 3 இல் 1, 4 இல் 1, 6 இல் 2. உச்சியில் 1 உம் 2 உம் சேர்ந்து 3. அவ்வளவுதான். வீட்டில் செலவுக் கணக்கு எழுதுகிற எவரும் செய்யக்கூடிய கூட்டல் இது.

இந்தப் படத்தை நாங்கள் மறந்துவிட்டோம். அது திரும்பி வந்தது ஒரு கடமை இரவில்.

தலையில் அடிபட்டவர்களின் நினைவு நிலையை அளக்க வைத்தியர்கள் பயன்படுத்துவது கிளாஸ்கோ கோமா அளவை. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகிய இருவரும் 1974 இல் அதை வெளியிட்டார்கள். இன்று அதில் மூன்று ஏணிகள் உள்ளன. கண் திறத்தலுக்கு 4 படிகள்: திறவாமை 1, தானாகத் திறத்தல் 4. பேச்சுக்கு 5 படிகள்: ஒலியே இல்லாமை 1, தெளிவான பேச்சு 5. அசைவுக்கு 6 படிகள்: அசைவே இல்லாமை 1, சொன்னபடி செய்தல் 6. மூன்றையும் கூட்டினால் 3 இலிருந்து 15 வரை ஓர் எண் வரும். தொலைபேசியில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்வது பெரும்பாலும் அந்த ஓர் எண்ணைத்தான்.

அன்றிரவு இரண்டு வைத்தியசாலைகளிலிருந்து அரை மணித்தியால இடைவெளியில் இரு அழைப்புகள். இருவருமே வீதி விபத்தில் சிக்கியவர்கள். இருவருக்கும் சொல்லப்பட்ட எண் எட்டு. எங்களிடம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு கட்டில். எண் சமம்தானே என்று முதலில் அழைத்தவருக்குக் கட்டிலைக் கொடுத்தோம். மற்றவர் காத்திருந்தார்.

பிறகுதான் தாள்களைப் பார்த்தோம். முதலாமவர் கண் 1, பேச்சு 2, அசைவு 5. வலி கொடுத்த இடத்தைத் தேடி அவர் கை வந்தது. இரண்டாமவர் கண் 3, பேச்சு 2, அசைவு 3. கை அசாதாரணமாக மடங்கியது. மூளைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று அஞ்சவேண்டிய நிலை. கூட்டினால் இருவரும் எட்டு. ஆனால் கண்ணில் இரண்டாமவர் மேலே, அசைவில் முதலாமவர் மேலே. ஒப்பிடவே முடியாத 4 உம் 6 உம் போன்ற சோடி. இரண்டாமவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவரது அசைவு 2 ஆக இறங்கியிருந்தது. அவர் பிழைத்தார், ஆனால் ஒரு கை முன்போல் இயங்கவில்லை. முன்னரே வந்திருந்தால் வேறாகியிருக்குமா என்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தொலைபேசியில் "எட்டு எப்படி வந்தது?" என்று கேட்க அரை நிமிடம் போதும். கேட்காதது எங்கள் பிழை. வேறு எவரின் பிழையும் அல்ல.

அந்த வாரம் ஓய்வு கிடைத்த ஒரு மாலையில், ரீச்சரின் படத்தை இந்த மூன்று ஏணிகளுக்கும் வரைந்து பார்த்தோம். 4, 5, 6 ஐப் பெருக்கினால் 120 நிலைகள். அந்த 120 ஐயும் நாங்கள் 13 எண்களுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். 3 என்பதற்கு ஒரே ஒரு பொருள். 15 என்பதற்கும் ஒரே ஒரு பொருள். ஆனால் 8 என்பதற்கு 17 வெவ்வேறு பொருள்கள். 9 என்பதற்கு 18. நோயாளியின் நிலை மிகவும் ஐயத்துக்குரியதாக இருக்கும் நடுப்பகுதியில்தான் எங்கள் எண் மிகக் குறைவாகப் பேசுகிறது.

இந்த வேறுபாடு கணிதத்தோடு நிற்பதில்லை. கூட்டு எண் 4 ஆக உள்ளவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2003 இல் வெளிவந்தது. அந்தக் கூடுதல் ஒரு புள்ளி கண்ணிலிருந்து வந்திருந்தால் 81 சதவீதத்தினர் பிழைத்தனர். பேச்சிலிருந்து வந்திருந்தால் 73 சதவீதம். அசைவிலிருந்து வந்திருந்தால் 52 சதவீதம். ஒரே எண், மூன்று வெவ்வேறு விதிகள். அளவையை உருவாக்கிய டீஸ்டேலும், 40 ஆண்டுகள் கழித்து 2014 இல் எழுதியபோது, தனி நோயாளியைப் பற்றிப் பேசுகையில் மூன்று எண்களையும் தனித்தனியே சொல்லும்படி வலியுறுத்தினார்.

இனிச் சங்கிலிக்கு வருவோம். மிகத் தாழ்ந்த நிலையில் உள்ள ஒருவர் ஒவ்வொரு படியாகத் தேறி உச்சிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கண்ணில் 3 படிகள், பேச்சில் 4, அசைவில் 5, மொத்தம் 12 படிகள் ஏறவேண்டும். எந்தப் படி முன், எந்தப் படி பின் என்பதில் எத்தனை வழிகள்? 12 காரணியத்தை 3, 4, 5 ஆகியவற்றின் காரணியங்களால் பிரித்தால் 27,720. உண்மையான நோயாளி படிகளைத் தாண்டுவார், சில நாட்களில் பின்னால் இறங்குவார். அவற்றை ஒதுக்கிவைத்த பிறகும், தேறுவதற்கு இத்தனை பாதைகள். வாசலில் நின்று "அம்மா எப்ப எழும்புவா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்துக் கட்டிலைக் காட்டி விடை சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியாது.

ஆனால் 27,720 பாதைகளும் ஒரே அளவு நிகழக்கூடியவை அல்ல. இங்கேதான் நிறை என்ற எண்ணம் வருகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நிறை கொடுங்கள். கண்ணிகளின் நிறைகளைப் பெருக்கினால் சங்கிலியின் நிறை. எல்லாச் சங்கிலிகளின் நிறைகளையும் கூட்டினால் விடை. இதற்கும் 27,720 வரிகள் எழுதவேண்டாம். 120 புள்ளிகளில் ஒவ்வொன்றிலும், கீழிருந்து வரும் எண்ணைக் கண்ணியின் நிறையால் பெருக்கிவிட்டுக் கூட்டினால் போதும். அதே ரீச்சரின் கூட்டல்தான்.

நிறைக்கு என்ன எண்ணை வைப்பது? அது நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. எல்லாக் கண்ணிக்கும் 1 வைத்தால், பாதைகள் எத்தனை என்று விடை வரும். நிகழ்தகவை வைத்தால், எந்தப் பாதை எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்று வரும். ஒரு நோயாளியின் கண்ணும் அசைவும் இன்னும் ஒவ்வொரு படி ஏறவேண்டியிருக்கிறது என்போம். வழிகள் இரண்டு. அசைவு முதலில் ஏறுவதற்கு நிகழ்தகவு முக்கால், கண் முதலில் ஏறுவதற்குக் கால் என்று விளக்கத்துக்காக வைத்தால், வழிகள் இரண்டு என்பது மாறவில்லை. நாம் எதிர்பார்க்க வேண்டியது மட்டும் மாறிவிட்டது.

நிறை மறை எண்ணாகவும் இருக்கலாம். இதைக் கண்டவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் பிலிப் ஹோல். காலம் 1930கள். ஒவ்வொரு கண்ணிக்கும் மறை 1 வையுங்கள். அப்போது ஒற்றை எண்ணிக்கையான கண்ணிகள் உள்ள சங்கிலிக்கு மறை 1, இரட்டை எண்ணிக்கைக்கு நேர் 1. 12 இன் படத்தில், படி தாண்டுவதையும் அனுமதித்து, 1 இலிருந்து 12 வரை எண்ணிப் பார்ப்போம். நேரே போகும் சங்கிலி 1. இடையில் ஒரு தரிப்பு உள்ளவை 4. இரு தரிப்புகள் உள்ளவை 3. எல்லாமாக 8 சங்கிலிகள். குறியோடு கூட்டினால், மறை 1, நேர் 4, மறை 3. விடை பூச்சியம். 30 ஐ எடுத்தால் சங்கிலிகள் 13, குறியோடு கூட்டினால் மறை 1. ஒரு முதன்மை எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைப் பிரித்தால் எப்போதும் பூச்சியம்தான் வரும். 12 ஐ 4 பிரிக்கிறது; 30 ஐ எந்த முதன்மை எண்ணின் வர்க்கமும் பிரிப்பதில்லை. ஜேர்மன் கணிதவியலாளர் மொபியஸ் 1832 இல் எண்களுக்காகத் தந்த சார்பு இது. எந்தப் பகுதி வரிசைக்கும் அதுவே திறவுகோல் என்பதை 1964 இல் ஜியான்-கார்லோ ரோட்டா எழுதிய கட்டுரை உலகுக்குக் காட்டியது.

பயப்படாதீர்கள், இதன் எளிய வடிவத்தை நாம் எல்லோரும் வென் வரிப்படத்தில் படித்திருக்கிறோம். வலைப்பந்துக் குழுவில் 12 பேர், சங்கீதக் குழுவில் 15 பேர், இரண்டிலும் 4 பேர். இரண்டு பேருந்து பிடிக்கப் போனவர் 27 இருக்கை என்று சொன்னால் 4 இருக்கை வெறுமையாகப் போகும். கூட்டிவிட்டு 4 ஐக் கழிக்கிறோமே, அந்தக் கழித்தல்தான் மறை நிறை. இருமுறை எண்ணியதைத் திருத்தும் நேர்மை அது.

ஆக, சங்கிலிகள் மாறவில்லை. நிறை மாறியது, விடை மாறியது. சங்கிலிகள் படத்தில் இருப்பவை. நிறை நாம் வைப்பது. வைத்தவர் அதற்குப் பொறுப்பு.

இதைத்தான் எமது சங்கத்திடம் கொண்டுவருகிறோம்.

இந்த நூற்றாண்டின் நினைவாக ஒரு புலமைப்பரிசில் நிதியம் தொடங்குகிறோம். உலகின் பல மூலைகளிலிருந்தும் சகோதரிகள் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். விண்ணப்பங்களைப் புள்ளியிட்டு, கூட்டி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, முதலில் வருபவர்களுக்குக் கொடுப்பது என்ற யோசனை இருக்கிறது. நல்ல நோக்கம். ஆனால் அந்தக் கூட்டலுக்குள் ஒரு நிறை ஒளிந்திருக்கிறது.

மூன்று பிள்ளைகளைக் கற்பனை செய்வோம். முதலாவது பிள்ளைக்குப் பரீட்சையில் 90, குடும்பத் தேவைக்கு 3. இரண்டாவது பிள்ளைக்கு 75, தேவை 9. மூன்றாவது பிள்ளைக்கு 70, தேவை 5. இரண்டாவது பிள்ளை மூன்றாவதைவிட இரண்டிலும் மேலே. எந்த நிறை வைத்தாலும் அது மாறாது. அதில் விவாதமே இல்லை. முதலாவதும் இரண்டாவதும் ஒப்பிட முடியாதவை. அப்படியே கூட்டினால் 93, 84. முதலாவது பிள்ளைக்குப் பரிசில். தேவையை 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் 99, 102. இரண்டாவது பிள்ளைக்குப் பரிசில். பெருக்கும் எண் இரண்டரையைத் தாண்டும் இடத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை இன்னொரு பிள்ளையிடம் போகிறது. அந்த இரண்டரை பிள்ளைகளிடம் இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்கு நாடு முழுவதையும் வரிசைப்படுத்த மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைச் சராசரியாக்கி, நான்கு தசம தானம் வரை எழுதுகிறார்கள். இலட்சக்கணக்கானோருக்கு வேறு வழி எளிதல்ல. ஆனால் சம நிறையும் ஒரு நிறைதான். எமக்கு வரப்போவது சில பத்து விண்ணப்பங்கள். நாட்டுக்கு முடியாதது எமக்கு முடியும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. முதலாவது, எதற்கு எவ்வளவு நிறை என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுவோம். நிறையை மாற்ற வேண்டுமானால் விண்ணப்பங்கள் வருமுன் மாற்றுவோம், வந்த பின் அல்ல. இரண்டாவது, எல்லாவற்றிலும் மேலே உள்ள பிள்ளையைத் தயங்காமல் தெரிவோம். மூன்றாவது, ஒப்பிட முடியாத பிள்ளைகளை எண்ணால் முடிவு செய்யாமல், நேரில் அழைத்துப் பேசுவோம். "எட்டு எப்படி வந்தது?" என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தைக் கொடுப்போம்.

அன்று தேர்ச்சி அறிக்கையில் கடைசி நிலைகளில் இருந்த ஒரு தோழி எங்களுக்கு உண்டு. 1995 இடப்பெயர்வுக்குப் பின் நாங்கள் ஒரு கொட்டிலுக்குள் கூடிப் படித்த காலத்தில், நிவாரண வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் வாரத்தில் பாதி நாள் அவள் வரவில்லை. வந்த நாட்களில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் கணக்கைச் செய்து முடித்துவிட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. சாதாரண தரத்தோடு அவள் படிப்பு நின்றது. எங்களுக்கு அப்போது அது இயல்பாகவே பட்டது. கடைசிப் பிள்ளைதானே என்று நினைத்தோம். இன்று இந்த மேடையில் நிற்கும்போது அது சுடுகிறது.

எமது ரீச்சரிடமிருந்து நாங்கள், நாங்கள் கற்பித்த இளம் வைத்தியர்கள், அவர்கள் கற்பிப்பவர்கள் என்று ஒரு சங்கிலி போகிறது. எங்கள் பிரிவில் இப்போது எவரும் தொலைபேசியில் தனியே "எட்டு" என்று சொல்வதில்லை. "கண் மூன்று, பேச்சு இரண்டு, அசைவு மூன்று" என்கிறார்கள். அது கரும்பலகையில் எழுதிய 12 இன் காரணிகளிலிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

மாணவிகளே, அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, எத்தனையாம் பிள்ளை என்று யாராவது கேட்டால், ரீச்சர் கேட்டதைத் திருப்பிக் கேளுங்கள்: எதிலே?